காய்ந்த தரையும் கடதாசிக் கப்பும்

போன கிழமை அபிராமி ரெலிபோன் எடுத்தாள். நான் முன்பு இருந்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள்தான். ஸ்காபரோப் பள்ளிக்கூடங்களுக்கும் தமிழ்த் தாய் தகப்பன்மாருக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கத்தாலும் பேச்சு வாங்குகிற உத்தியோகம். இங்கே பிறந்த பிள்ளை. தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பாள்.

"அன்ரி, பேரன்ட்ஸ் எல்லாரும் வெப்சைற்றிலை ஸ்கோர் பாத்திட்டு வந்து நிக்கினம். இந்த ஸ்கூல் பத்துக்கு ஆறு, அந்த ஸ்கூல் பத்துக்கு எட்டு, அப்ப வீடு எங்கை வாங்கிறது எண்டு என்னட்டைக் கேக்கினம். வாட் டூ ஐ ஸே? உங்கட காலத்திலை உது ஒண்டும் இல்லைத்தானே. எது நல்ல ஸ்கூல் எண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"பயந்து பயந்துதான் பிள்ளை," என்றேன்.

அவள் சிரித்தாள், நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து. பகிடியே இல்லை. அந்த வேலையில் இருந்த காலம் முழுக்க அப்படித்தான் இருந்தேன். பிறின்சிப்பல் கூப்பிட்டால் பயம். மேலதிகாரியின் கார் வந்து நின்றால் பயம். ஆங்கிலத்தில் ஒரு சொல் பிசகினால் அன்றைக்கு நித்திரை இல்லை. "பல்லி சொன்னாலும் ராஜினாமாக் கடிதம் எழுதுற ஆள் இந்த யோகம்" என்று என் மனுசன் என்னைக் கேலி பண்ணுவார். ஆனாலும் ஓய்வு பெறும்வரை அந்த வேலையை விடவில்லை. ஏன் விடவில்லை என்பதற்கு ஒரு சம்பவத்தைச் சொன்னால் போதும். அபிராமிக்கு ரெலிபோனில் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஊரில் நான் கொஞ்சக் காலம் படிப்பித்தேன். இங்கே வந்து ஒரு பக்டரியில் பிஸ்கட் பெட்டி ஒட்டினேன். பிறகு, தமிழ்ப் பிள்ளைகள் ஸ்காபரோப் பள்ளிக்கூடங்களில் வந்து நிறையத் தொடங்கிய நேரம், மொழிபெயர்க்க ஆள் தேவை என்று கல்விச் சபை என்னை வேலைக்கு எடுத்தது. சோமாலியர், சீனர், ஈரானியர், நான் என்று ஒரு அறையில் இருத்திப் பயிற்சி தந்தார்கள். அதில் படித்தது மொத்தமும் ஒரே பாடம். ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. உன் காதில் விழுகிற எல்லாம் மற்றவர் காதிலும் விழவேண்டும். கேட்கும்போது லேசான பாடம் போலத்தான் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் என்னைப் பள்ளிக்கூட மதிப்பீட்டுக் குழுவில் போட்டார்கள். மாகாணப் பரீட்சையெல்லாம் வருவதற்கு முந்திய காலம் அது. ஒரு பள்ளிக்கூடம் நல்லதோ கெட்டதோ என்று பார்க்க ஆட்கள் நேரே போவார்கள். ஒரு கிழமை அங்கேயே கிடந்து, வகுப்புகளைப் பார்த்து, ஆசிரியர்களோடும் பிள்ளைகளோடும் கதைத்து, பெற்றோரைக் கேட்டு, அறிக்கை எழுதுவார்கள். எங்கள் குழுவின் தலைவி மிஸிஸ் டங்கன்.

மிஸிஸ் டங்கனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஸ்கொட்லாந்துப் பெண்மணி. மெலிந்த, நெடிய உருவம், சாம்பல் நிறக் கோட்டு. கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் உயரும், அவருக்கு இறங்கும். மிகவும் கோபம் என்றால் என்ன சொல்கிறார் என்றே கேட்காது. பெரிய பெரிய பிறின்சிப்பல்மார் எல்லாம் காதை நீட்டிக்கொண்டு முன்னால் குனிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அவரோடு காரில் போவதென்றால் காலமை சாப்பாடு இறங்காது.

அவர் பள்ளிக்கூடத்துக்கு முன்வாசலால் போகமாட்டார். பிள்ளைகள் நுழைகிற பின்கதவால் மணி அடிக்கிற நேரம் அவர்களோடு சேர்ந்து நுழைவார். கோட்டுக் கொழுவிகளுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று, எந்தப் பிள்ளையின் சப்பாத்து ஓட்டை, எந்தப் பிள்ளையை மற்றவர்கள் இடித்துக்கொண்டு போகிறார்கள் என்று பார்ப்பார். பிறகு ஆகச் சின்னப் பிள்ளை ஒன்றைப் பிடித்து, "எனக்கு ஒவ்வீசுக்கு வழி தெரியாது, காட்டுவாயா?" என்பார். பிள்ளை ஓடிப்போய்க் காட்டுகிறதா, ஒவ்வீஸ் வாசலுக்குக் கிட்டப் போனதும் பின்வாங்குகிறதா என்பதுதான் அங்கே கணக்கு. வகுப்பில் சின்னக் கதிரையில் முழங்கால் நாடியில் முட்டும்படி இருந்துகொண்டு, படிப்பிக்கிறவரைப் பார்க்காமல், கை உயர்த்தாத பிள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பார். யாருக்கு முன்னாலும் ஒரு சொல் எழுதமாட்டார். காருக்குப் போய், ஹீற்றரைப் போட்டுக்கொண்டு, அவித்த முட்டை ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டே எழுதுவார்.

இவை எல்லாவற்றுக்கும் முதல் வேலை ஒன்று உண்டு. பிள்ளைகளின் வோஷ்றூமுக்குப் போவார்.

"நூலகத்தை ஒரு நாளில் அழகுபடுத்தலாம், யோகம். வோஷ்றூமை முடியாது. ஒரு பள்ளிக்கூடம் பிள்ளைகளை என்னவென்று நினைக்கிறது என்று அங்கே போனால் தெரிந்துவிடும்," என்பார். மணந்து பார்ப்பார். சவர்க்காரம் இருக்கிறதா, கதவுக் கொண்டி விழுகிறதா, கடதாசி இருக்கிறதா, தரை எப்படி என்று குனிந்து பார்ப்பார். நான் வாசலில் நின்று வேறு பக்கம் பார்ப்பேன். அந்த இடத்தைப் பற்றி வாய்விட்டுக் கதைப்பதே எனக்குக் கூச்சம். அப்படித்தான் நாங்கள் வளர்ந்தோம்.

அந்த மாசி மாதம் நாங்கள் போன பள்ளிக்கூடம் மல்வேர்னில் இருந்தது. பெயர் வேண்டாம். வாடகை மாடிக் கட்டடங்களுக்கும் ஒட்டி ஒட்டிக் கட்டிய ரவுன்ஹவுஸ் வரிசைகளுக்கும் நடுவில், தமிழ்ப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கூடம். பிறின்சிப்பல் மிஸ்டர் கோல்மன் கெட்ட மனிதர் அல்லர். பிள்ளைகளின் பெயர்களை நாக்குச் சுளுக்கினாலும் முழுதாகச் சொல்லிக் கூப்பிடுவார். ஆனால் துப்புரவுப் பைத்தியம். மிஸிஸ் டங்கன் வோஷ்றூமுக்குள் போய் வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். முகத்தில் ஒரு மலர்ச்சி.

"இந்த வட்டாரத்திலேயே இதுதான் மிகச் சிறந்தது. தரை சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடக்கிறது," என்றார்.

மிஸ்டர் கோல்மன் உச்சி குளிர்ந்து போனார். போன வருடம் ஒரு பிள்ளை தண்ணீரில் வழுக்கிக் கை முறிந்ததாகவும், அதற்குப் பிறகு கப், போத்தல் எதையும் உள்ளே கொண்டுபோகக்கூடாது என்று சட்டம் போட்டதாகவும் சொன்னார். நல்ல சட்டம் என்று மிஸிஸ் டங்கன் தலையசைத்தார். நானும் அசைத்தேன். மேலதிகாரி தலையசைத்தால் என் தலை தானாக அசையும்.

என் வேலை தமிழ்ப் பெற்றோருக்கு ரெலிபோன் எடுத்து அபிப்பிராயம் கேட்பது.

"பள்ளிக்கூடம் எப்பிடி?"

"திறம், அக்கா."

"ஏதும் குறை?"

"ஐயோ, ஒரு குறையும் இல்லை. நீங்கள் ஆர் கதைக்கிறது? எங்கட பேரும் எழுதுறீங்களோ?"

எல்லோரும் இதே பாட்டுத்தான். ஒரு தகப்பன் மட்டும் கொஞ்சம் வாய் திறந்தார். "ஹோம்வேர்க் காணாது. ரீச்சர்மார் எந்த நேரமும் சிரிச்சுக்கொண்டு நிக்கினம். சிரிச்சா பிள்ளையள் எப்பிடிப் படிக்கும்? ஆனா இதை எழுதிப்போடாதேங்கோ, தங்கச்சி. பிறகு பிள்ளைக்குத்தான் கரைச்சல்."

மிஸிஸ் டங்கனிடம் போய், எல்லோருக்கும் திருப்தி என்றேன்.  "எல்லோரும் ஒரே சொல்லையா சொன்னார்கள்?" என்றார். குரல் சற்று இறங்கியிருந்தது.  "இன்னொரு முறை கேள்," என்றார். கேட்டேன். அப்போதும் திறம், அக்கா, திறம்தான்.

அந்தக் கிழமையின் நடுவில்தான் அது நடந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வகுப்பு ஆசிரியை மிஸ் லோரா, இளம் பெண், முகம் வெளிறிப்போய் ஒவ்வீசுக்கு வந்தாள். கையில் துஷி என்ற ஏழு வயதுப் பிள்ளை. பிள்ளைக்கு நெருப்பாய்க் காய்ச்சல். உடுப்பு நனைந்திருந்தது. அடிவயிற்றைப் பொத்திப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதது.

மிஸ் லோரா சொன்னது இதுதான். பல நாட்களாகவே பிள்ளை வோஷ்றூமுக்குப் போவதில்லை. கால்களைப் பின்னிக்கொண்டு நாள் முழுக்க இருக்கும். வயிறு நோகிறது என்னும். இன்றைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனால், கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறது. ஏன் என்று கேட்டதற்கு, "சொல்லக்கூடாதென்று அம்மா சொன்னவ" என்றிருக்கிறது.

அந்த ஒரு வசனத்தோடு ஒவ்வீசில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். எனக்கும் விளங்கியது. அந்த இடத்தில் நோவு, வோஷ்றூம் என்றால் பயம், யாருக்கும் சொல்லக்கூடாது என்று தாயின் கட்டளை. பிள்ளையில் யாரோ கை வைத்திருக்கலாம் என்று ஒரு சந்தேகம் வந்தால், பிள்ளைகள் பாதுகாப்புக் காரியாலயத்துக்கு அறிவிப்பதைத் தவிர ஆசிரியைக்கு வேறு வழி இல்லை, அது சட்டம். அறிவித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் அலுவலரும், அவரோடு சீருடைப் பொலிஸ்காரர் ஒருவரும் வந்தார்கள். அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் வேறு எங்கோ நின்றார், வரப் பின்னேரமாகும். அதனால் என்னை இருக்கச் சொன்னார்கள்.

முதல் வேலையாகத் தாய் கலாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். அவளுக்கு ஒரு பிளாஸ்ரிக் பக்டரியில் வேலை. கணவர் கொழும்பில், இங்கே வர ஸ்பொன்சர் அலுவல் முடியக் காத்திருந்தார். இங்கே தாயும் மகளும் மட்டும், ஒரு வீட்டின் பேஸ்மன்றில் வாடகைக்கு. லைனில் வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, பிள்ளை உயிரோடை இருக்கோ?"

"இருக்கு பிள்ளை. காய்ச்சல். நீர் உடனை வாரும்."

"வேறை என்ன? உங்கட குரல் சரியில்லை. என்னக்கா வேறை?"

"வாரும், கதைப்பம்," என்று வைத்துவிட்டேன். ரெலிபோனில் பொலிஸ் என்று சொன்னால் அவள் பாதியில் விழுந்துவிடுவாள் என்று பயம்.

பக்டரிச் சீருடையோடு, கோட்டுப் பொத்தான் பூட்டாமல் ஓடிவந்தாள். வாசலில் பொலிஸ்காரரைக் கண்டதும் கால் அப்படியே நின்றுவிட்டது. நான் போய்க் கையைப் பிடித்தேன். ஐஸ் கட்டியாகக் குளிர்ந்திருந்தது. 

முதலுதவி அறையில் இருத்தினார்கள். பிள்ளையைப் பக்கத்து அறையில் மிஸ் லோராவோடு வைத்திருந்தார்கள். தாயைப் பார்க்க விடவில்லை. பொலிஸ்காரர் வெளியே நின்றார். கதவுக் கண்ணாடியில் அவருடைய தோள் மட்டும் தெரிந்தது. அலுவலர் நல்ல பெண்தான். மெதுவாகத்தான் தொடங்கினார்.

"பயப்பட ஒன்றும் இல்லை. சில கேள்விகள் மட்டும்தான் கேட்கப்போகிறோம்."

 எங்கள் ஊர்களில் இந்த வசனத்தை அறியாத வீடு கிடையாது. படலையில் ஆமி ஜீப் நிற்கும். சில கேள்விகள்தான், இப்போது விட்டுவிடுவோம் என்பார்கள். அதைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் குறைக்கக்கூடாது என்பது சட்டம். சொன்னேன்.

கலா கண்ணாடியில் தெரிந்த தோளைப் பார்த்தாள். "என்ர தம்பியையும் உப்பிடிச் சொல்லித்தானக்கா கூட்டிக்கொண்டு போனவங்கள்," என்றாள்.

அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அலுவலரின் பேனை நின்றது. பிறகு அடுத்த கேள்விக்குப் போனார்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் சறுக்கல். பிள்ளைக்கு நோவு இருப்பது தெரியுமா? தெரியாது. எதையாவது சொல்லக்கூடாது என்று பிள்ளைக்குச் சொன்னீர்களா? இல்லை. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? ஒருத்தரும் இல்லை. மேலே வீட்டுக்கார அண்ணையும் வளர்ந்த இரண்டு பெடியளும் இருக்கிறார்கள் என்று துஷி முன்பே மிஸ் லோராவிடம் சொல்லியிருந்தது. பேஸ்மன்றைச் சட்டத்துக்குத் தெரியாமல் வாடகைக்கு விட்டிருந்ததால் வீட்டுக்காரர் மூச்சுவிடக்கூடாது என்றிருந்தார். அதனால் இவள் பொய் சொன்னாள். அலுவலருக்கு அது எப்படித் தெரியும்? அவர் கண்ணில் இவள் யாரையோ மறைக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டதற்கு, "நல்ல பள்ளிக்கூடம், ஒரு குறையும் இல்லை" என்று கும்பிட்டாள்.

நான் அவள் பொய்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுத்தமான ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் பேனை ஓடியது. பிள்ளை கைவிட்டுப் போகிறது என்று எனக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கட்டத்தில் அவள் என் முழங்காலைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, உவைக்கு என்ன சொன்னா என்ர பிள்ளையை விடுவினம்? நீங்களே பாத்து ஏதும் சொல்லுங்கோவன்," என்றாள்.

அலுவலர் என்னைப் பார்த்தார். "என்ன சொன்னார்?"

என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்த நிமிடம் வேறில்லை. மறைத்தால் அதற்குப் பிறகு நான் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார். சொன்னால் அது இவள் தலையில் இடியாக விழும். சொன்னேன். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல். கலாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். என் முழங்காலில் இருந்த கையை எடுத்துக்கொண்டாள். என்னையும் அந்தப் பொலிஸ்காரரோடு சேர்த்துவிட்டாள் என்று தெரிந்தது.

"நீங்களும் தமிழ்தானே," என்றாள். அதையும் மொழிபெயர்த்தேன்.

எனக்கு ஒரு வியாதி, பயம் வந்தால் அடிக்கடி ஒண்டுக்குப் போகவேண்டி வரும். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "இரண்டு நிமிடம் தாருங்கள்" என்று கேட்டு எழும்பினேன். கைப்பையைத் திறந்தேன். அதன் அடியில் எப்போதும் ஒரு கடதாசிக் கப் இருக்கும், கோப்பிக் கடைக் கப், நசுங்கினது. கக்கூசில் தண்ணீர் இல்லாத நாட்டில் எங்கள் பெண்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். வெளியே குழாயில் நிரப்பி, சால்வைக்குள் மறைத்து, உள்ளே கொண்டுபோய்க் கழுவிவிட்டு வருவோம். அத்தனை வருடமும் கல்விச் சபைக் கட்டடத்தில் ஒரு வெள்ளைக்காரர் கண்ணிலும் படாமல் அப்படித்தான் கொண்டுபோய் வந்தேன். பழக்கதோஷத்தில் கப்பை எடுத்துச் சால்வைக்குள் செருகினேன்.

கலா பார்த்துவிட்டாள். பார்க்காமல் இருப்பாளா? அந்த மறைப்பு எங்கள் எல்லோருக்கும் தெரிந்த மறைப்பு.

"அக்கா," என்றாள். குரலே வேறு. "நீங்களும் கப் கொண்டு போறனீங்களோ?"

"ஓம் பிள்ளை. பின்னை?"

"உங்கட பெரிய ஒவ்வீசிலையுமோ?"

"எங்கை போனாலும்தான்."

அவ்வளவுதான். அவள் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு ஓவென்று அழத் தொடங்கினாள். அழுகைக்கு நடுவில் எல்லாம் வந்தது.

"நான் யோகட் கப் ஒண்டைக் கழுவிக் குடுத்துவிட்டனான் அக்கா. கப் கொண்டு போகக்கூடாதெண்டு பறிச்சுப்போட்டினம். கழுவாமல் எப்பிடி வாறதெண்டு பிள்ளை கேக்குது. நான் என்ன செய்ய? வீட்டை வந்து போ, அதுவரைக்கும் அடக்கிக்கொண்டு இரு, தண்ணி குடியாதை எண்டனான். ரீச்சரிட்டை உதைச் சொல்லாதை, எங்களை ஊத்தைச் சனம் எண்டு நினைப்பினம் எண்டனான். நான்தானக்கா பிள்ளையைக் கெடுத்தனான். நான்தான்."

அலுவலர் எழும்பி நின்றுவிட்டார். "என்ன சொல்கிறார்? அவர் செய்ததாகவா சொல்கிறார்?"

இப்போது சொல்லவேண்டியது என் வாயால் அதுவரை ஆங்கிலத்தில் வந்தே இராத விஷயம். நாங்கள் கடதாசியால் துடைப்பதில்லை, கழுவுகிறவர்கள் என்று சொல்லவேண்டும். எனக்குக் காதெல்லாம் சுட்டது. சால்வைக்குள் இருந்த கப்பை எடுத்து மேசையில் வைத்தேன். "இது என்னுடையது. அந்தப் பிள்ளையிடமும் இப்படி ஒன்று இருந்தது," என்று தொடங்கினேன். முழுவதையும் சொன்னேன். நான்தான் கெடுத்தேன் என்று அவள் சொன்னதையும் விடாமல்.

அலுவலர் கப்பைப் பார்த்தார், கலாவைப் பார்த்தார். பக்கத்து அறைக்குப் போய்ப் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்தார். "பிள்ளையும் கப் என்றுதான் சொல்கிறது," என்றார். ஆனால் அதோடு விட முடியாது என்றார். வைத்தியர் பார்க்கவேண்டும். வைத்தியர் சொல்லும்வரை பிள்ளை தன்னோடுதான் வரும், தாய் வேறு வாகனத்தில் வரலாம்.

இதை மொழிபெயர்த்தபோது கலா கதறவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. தம்பி போனபோதும் இப்படித்தான் நின்றிருப்பாள் போல.

மிஸிஸ் டங்கன்தான் தன் காரில் எங்களை ஏற்றினார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. முன்னால் அலுவலரின் கார், அதில் துஷி. கலா முன்சீற்றைப் பிடித்துக்கொண்டு அந்தக் காரின் சிவப்பு லைற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு சந்தியில் எங்களுக்குச் சிவப்பு விழுந்தது. முன்னால் போன கார் பனிக்குள் மறைந்துவிட்டது. "அக்கா, போட்டுது! போட்டுது!" என்று என் கையைப் பிறாண்டினாள். நகம் பதிந்த அடையாளம் பல நாள் இருந்தது. மிஸிஸ் டங்கன் திரும்பவில்லை. எது போனது என்று மொழிபெயர்க்காமலே அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். "ஆஸ்பத்திரி எனக்குத் தெரியும். கூட்டிப்போய்ச் சேர்ப்பேன் என்று அவளுக்குச் சொல்," என்றார், குரல் மிகவும் இறங்கி.

ஆஸ்பத்திரியில் நீள வாங்கு ஒன்றில் இருந்தோம். நான் அவளுக்கு என்னென்னவோ ஆறுதல் சொன்னேன். எனக்கே நம்பிக்கை இல்லை. மிஸிஸ் டங்கன் என் பக்கத்தில் வந்து இருந்து, கப் விஷயத்தை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். இந்தத் தரம் கூச்சம் வரவில்லை, கூச்சப்பட நேரம் இல்லை.

"அப்படியானால் மற்றத் தமிழ்ப் பிள்ளைகள்?" என்றார்.

 அவர் தன் கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் உள்ளே நின்று அந்தத் தரையைப் பாராட்டினேன், யோகம். யாரும் வராததால் அல்லவா அது காய்ந்து கிடந்தது," என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அவர் அப்படி இடிந்து போயிருந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

வைத்தியர் வந்தார். சலத்தை அடக்கி அடக்கி, தண்ணீரும் குடிக்காமல், கிருமி சிறுநீரகம்வரை ஏறியிருக்கிறது. வேறு எந்தக் கெடுதலும் இல்லை. இன்னும் சில நாள் போயிருந்தால் பிள்ளை தப்பியிருக்காது. இதை நான் சொல்லி முடிக்குமுன் அலுவலர் கதவைத் திறந்து விட்டார். கலா ஓடினாள். உள்ளே இருந்து துஷியின் குரல்தான் முதலில் கேட்டது. "அம்மா, நான் ரீச்சரிட்டைச் சொல்லேல்லை. அவதான் கேட்டவ."

அங்கேதான் நான் அழுதேன்.

அடுத்தநாள் தமிழ்த் தாய்மாருக்கு மூன்றாம் முறையாக ரெலிபோன் எடுத்தேன். இந்த முறை பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்கவில்லை. "நானும் கப் கொண்டு போறனான்," என்று தொடங்கினேன்.  மறுபக்கத்தால், "அக்கா, எங்கட பிள்ளையும் வீட்டை வந்துதான்..." என்று மெல்ல வரும். ஒரு வீடு தப்பாமல் அதே கதை.

மிஸிஸ் டங்கன் அறிக்கையில் அந்தப் பள்ளிக்கூடத்தின் முதல் குறையாக வோஷ்றூமைத்தான் போட்டார். மிஸ்டர் கோல்மன் குழம்பிப்போனார், பாவம். யாராவது வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று துள்ளினார். "அதற்கு ரப்பர் பாய் போடுங்கள்," என்று மிஸிஸ் டங்கன் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை, குரல் அவ்வளவு தாழ்ந்திருந்தது. ரப்பர் பாயும், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு சின்னப் பிளாஸ்ரிக் கோப்பையும் வந்தன.

பனி கரைந்த பிறகு பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். மதிப்பீட்டில் கண்டதைச் சொல்ல மிஸிஸ் டங்கன் வந்திருந்தார். முடிவில், பெற்றோர் ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். தமிழ்ச் சனம் இருந்த வரிசைகளில் வழக்கம்போல எல்லாத் தலையும் குனிந்தன. அப்போது ஒரு கை எழும்பியது. கலா.

 என்ன செய்யப் போகிறாள் இவள்? ஸ்பொன்சர் அலுவலும் இன்னும் முடியவில்லை. பேசாமல் இருந்திருக்கலாமே என்று மனம் அடித்துக்கொண்டது.

எழும்பி நின்றாள். மடியில் துஷி நித்திரை, அதையும் தோளில் சாய்த்துக்கொண்டுதான் எழும்பினாள்.  "பள்ளிக்கூடம் நல்லம். ஆனா ஒரு குறை இருக்கு," என்றாள். "வோஷ்றூம் குழாயிலை தண்ணி ஐஸ் மாதிரிக் கிடக்கு. பிள்ளையள் குளிரிலை துள்ளுதுகள். சுடுதண்ணி விடவேணும்."

நான் மொழிபெயர்த்தேன், கூட்டாமல், குறைக்காமல்.  மிஸ்டர் கோல்மனின் முகம் சிவந்தது. மிஸிஸ் டங்கன் கைப்பையைத் திறந்து, கொப்பியை எடுத்து, அத்தனை பேருக்கும் முன்னால் அதை எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்து, "வேறு யாராவது?" என்றார்.

நான் தமிழில் கேட்டேன். கதிரைகள் அசைந்தன. பின்வரிசையில் ஒரு மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பினார். குரலைக் கேட்டதுமே ஆளைத் தெரிந்துவிட்டது, அந்த ஹோம்வேர்க் தகப்பன்.

"தங்கச்சி," என்றார். "நான் அண்டைக்குச் சொன்னதை இப்ப எழுதச் சொல்லுங்கோ. என்ர பேரையும் போட்டு எழுதச் சொல்லுங்கோ."